சிவப்பு மையில் அடித்த விடை

(கம்மாபுரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. பள்ளி வளாகத்தில் கண்ட உயிர்களைத் தாவரம், விலங்கு என இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். ஒரு மாணவி மட்டும் புற்றுக்காளானைச் சிறு நத்தைக்குப் பக்கத்தில், விலங்குப் பத்தியில் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன்.

"அதுல பச்சையே இல்லையே டீச்சர், நத்தை மாதிரி எதையாவது தின்னுதானே வளரணும்?" என்றாள்.

"காளான் நடக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பிறகு பல நாள் அவள் கை தூக்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் மீண்டும் படித்தேன். 1969-இல் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனி உலகமாக வைத்தார். பின்வந்த மரபணு ஆய்வுகள், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று காட்டின. காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நத்தை உணவைச் சுரண்டும் ராடுலா என்ற உறுப்பிலும் கைட்டின் இருக்கிறது. தாவரம் உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கும். இவை இரண்டும் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன.

வேறுபாடும் உண்டு. நத்தை உணவை விழுங்கிச் செரிக்கிறது. காளான் நொதிகளை வெளியே சுரந்து, செரித்ததை உறிஞ்சுகிறது. நாம் பறிக்கும் குடை அதன் இனப்பெருக்கப் பகுதிதான். உடல் புற்றுக்குள் இழைகளாகப் பரவியிருக்கிறது. கறையான்கள் காய்ந்த சருகையும் மரத்தையும் மென்று போட்டு அதை வளர்க்கின்றன. நத்தையோ வறண்ட மாதங்களில் சளிப்படலத்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உறங்குகிறது. மழை வந்தால் இரண்டும் வெளியே வருகின்றன. பீங்கானுக்குச் சூளை வேண்டும். நத்தை சூளையில்லாமலே சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்கிறது என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

காளான் விலங்கல்ல, அவள் விடை முழுச் சரியில்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் சரி. இரண்டே பத்தி கொடுத்த என் கேள்விதான் தவறு. இதை வகுப்பிலேயே சொன்னேன். கரும்பலகையில் மூன்றாவது பத்தி வரைந்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். நத்தையைக் கண்ணாடித் தகட்டில் விட்டு அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். காளான் குடையை இரவு முழுதும் தாளின்மேல் கவிழ்த்து வைத்தால் வித்துகள் உதிர்ந்து கோலம்போல் பதியும். தெரியாத காளானை வாயில் வைக்கக் கூடாது, நத்தையைத் தொட்டால் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விடையை அடிக்குமுன் ஒரு முறை, "ஏன் அப்படி எழுதினாய்?" என்று கேளுங்கள். அன்று நான் அதைக் கேட்கவில்லை.