தீப்பிடிச்ச மில்லும் நிக்காத சம்பளமும்

குளிருக்கு மெத்துமெத்துன்னு ஒரு ஃப்ளீஸ் ஜாக்கெட் மாட்டுவோமே, அந்தத் துணியைப் பிரபலமாக்கின மில் முதலாளியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். பேர் ஆரன் ஃபொயர்ஸ்டீன். 2021 நவம்பர் 4 அன்னைக்கு, 95 வயசுல பாஸ்டன்ல இறந்துபோனார்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம். அங்க லாரன்ஸ், மெத்யூன்னு ஒட்டின மாதிரி ரெண்டு ஊர். ஜவுளி மில்களை நம்பி வாழ்ந்த பகுதி. கூலி கம்மியா இருக்குன்னு ஒவ்வொரு மில்லா தெற்கு மாநிலங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போயிடுச்சு. 1906ல தாத்தா ஆரம்பிச்ச மால்டன் மில்ஸை ஆரன் அப்படி நகர்த்தலை. 80களோட ஆரம்பத்துல செயற்கை ரோமத் துணி வியாபாரம் படுத்து, கம்பெனி ஒருமுறை திவாலும் ஆச்சு. அதைத் தூக்கி நிறுத்தினதுதான் இந்த ஃப்ளீஸ்.

1995 டிசம்பர் 11, அவரோட 70வது பிறந்தநாள். அன்னைக்கு ராத்திரி மில்லுல தீ. முப்பதுக்கும் மேல பேருக்குக் காயம். நல்லவேளை, யாரும் சாகலை. கிறிஸ்துமஸுக்கு ரெண்டே வாரம். இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிட்டு அவர் வீட்ல உக்காந்திருந்தா யாரும் தப்பா சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் சொன்னது வேற: மில்லை இங்கயே திரும்பக் கட்டுவேன், வேலையில்லாம நிக்கிறவங்களுக்கு 30 நாள் முழுச் சம்பளம். அது முடிஞ்சதும் இன்னொரு மாசம். அப்புறம் இன்னொண்ணு. லாப்டாப் லாக் ஆன பிறகுதான் வேலை போன விஷயமே தெரியவர்ற நம்ம துறையில இருந்துக்கிட்டு இதைப் படிக்கிறப்ப கொஞ்சம் கோபமாத்தான் வந்துச்சு.

அதிபர் கிளின்டன் அவரை நாடாளுமன்ற உரைக்கே விருந்தினரா கூப்பிட்டார். நம்ம லிங்க்டின் பதிவுகள் பெரும்பாலும் கதையை இங்கயே முடிச்சிடும்.

ஆனா 2001 நவம்பர்ல கம்பெனி மறுபடி திவால். உடனே, "பாத்தியா, இரக்கம் பார்த்தா இதான் கதி"ன்னு ஒரு பேச்சு. எனக்கு அது சரியாப் படலை. கணக்கைப் பாருங்க. சம்பளத்துக்குப் போனது சுமார் இரண்டரைக் கோடி டாலர்னு சொல்றாங்க. மில்லை மறுபடி கட்ட ஆனது சுமார் 40 கோடி. இன்ஷூரன்ஸ்ல வந்தது கிட்டத்தட்ட 30 கோடி. மீதி கடன். கழுத்தை நெரிச்சது அந்தக் கடன்தான். சோஃபாத் துணிப் பிரிவையும் திரும்பக் கட்டினார். அதுக்குள்ள வாடிக்கையாளர்கள் வேற இடம் பார்த்துட்டாங்க. 1998ல அதை மூட வேண்டியதாச்சு. அதுல வேலை போனவங்களும் உண்டு. போதாததுக்கு, ஃப்ளீஸ் துணிக்கு அவங்க காப்புரிமையே வாங்கலை. மலிவான நகல்கள் சந்தையில குவிஞ்சுது.

ஆக, தப்புன்னு சொல்லணும்னா, எவ்வளவு பெருசாக் கட்டணும்ங்கிறதுல சொல்லலாம். மூணு மாசச் சம்பளத்து மேல பழியைப் போடாதீங்க.

2003ல கம்பெனி திவால்லேருந்து வெளிய வந்தப்ப, கடன் கொடுத்தவங்க கைக்குப் போயிருந்துச்சு. எண்பதை நெருங்குற வயசுல, அதைத் திரும்ப வாங்க பணம் திரட்ட அலைஞ்சார். முடியலை. 2007ல கம்பெனி இன்னொருமுறை திவாலாகி வேற கைக்குப் போச்சு. கொஞ்ச வருஷத்துல புது முதலாளிங்க லாரன்ஸ் ஆலையையும் மூடிட்டு, வேலையை வேற மாநிலத்துக்குக் கொண்டுபோனாங்க. அப்ப ஆரன் உயிரோடதான் இருந்தார்.