பென்சில் கோடு போய்ச் சேரும் இடம்



உடை வடிவமைப்புப் படித்த யாருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருக்கும். ஒருமுறையாவது ஐரோப்பா போய், இந்தத் தொழிலின் பெரிய தலைகள் கூடும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று. எனக்கும் இருந்தது. 2024 மே மாதம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் நடந்த குளோபல் ஃபேஷன் சம்மிட்டுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே என்ன பார்த்தேன், திரும்பி வந்து திருப்பூரில் என்ன செய்தேன் என்று, பட்டம் பெறும் உங்களிடம் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்த மாநாடு ராம்ப்பில் மாடல்கள் நடக்கும் இடமில்லை. 2009-இல் ஐ.நா.வின் காலநிலை மாநாடு கோபன்ஹேகனில் கூடியபோது, அதையொட்டித் தொடங்கியது. துணித்தொழில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்யும் கெடுதலை எப்படிக் குறைப்பது என்பதுதான் அங்கே பேச்சு. டேனிஷ் வானொலியின் இசையரங்கில் கூட்டம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் வடிவமைத்தது. கட்டடம் முழுவதையும் நீலத் திரை ஒன்று போர்த்தியிருக்கிறது. கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் வெளியே நின்று அந்தத் திரையை எப்படி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே எல்லோர் வாயிலும் இருந்தது ஒரு சுவீடன் நிறுவனத்தின் கதை. பழைய பருத்தித் துணியைக் கரைத்துக் கூழாக்கி, அதிலிருந்து விஸ்கோஸ் இழைக்கு மூலப்பொருள் செய்த ரினியூசெல். சுண்ட்ஸ்வால் என்ற ஊரில் 2022-இல் பெரிய ஆலையைத் திறந்தார்கள். உலகத்தின் பெரிய பிராண்டுகள் பாராட்டின. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. தொழில்நுட்பம் வேலை செய்தது, கூழும் நன்றாகத்தான் இருந்தது. ஆலை ஓடும் அளவுக்கு ஆர்டர் வரவில்லை. பிறகு வேறொரு முதலீட்டாளர் அதை வாங்கிவிட்டார் என்றாலும், அந்த மே மாதத்தில் நான் பார்த்த முகங்களில் கவலை இருந்தது. நல்ல நோக்கத்துக்குக் கைதட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஆயிரத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நாளை உங்களில் சிலர் அந்தக் கையெழுத்தைப் போடும் இடத்தில் இருப்பீர்கள். அப்போது இந்தக் கதை உங்கள் நினைவுக்கு வரட்டும்.

இன்னொரு அரங்கில் கையடக்கமான ஒரு கருவியைக் காட்டினார்கள். துணிமேல் வைத்தால் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இது பருத்தி, இது பாலியஸ்டர் என்று சொல்லிவிடும். எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் கறுப்புத் துணியிலும், கொஞ்சமாக லைக்ரா கலந்த துணியிலும் அது தடுமாறும் என்று காட்டியவரே சொன்னார்.

இதே வேலை நடக்கும் நம்மூர் வேஸ்ட் குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் நிறவாரியாகப் பிரிப்பார்கள். கைக்கு வந்த துண்டை இரண்டு விரலால் ஓர் இழு இழுத்து விடுவார்கள். சட்டென்று சுருங்கிக்கொண்டால் லைக்ரா. அது தனிக் குவியலுக்குப் போகும், விலையும் குறையும். ஏனென்றால் துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கும் மெஷினின் முள்ளில் லைக்ரா சுற்றிக்கொள்ளும். சுத்தமான பருத்தித் துண்டு ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய், அதே நிறத்தில் மறுபடி நூலாகும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. உலகத்தில் உடைகளுக்குப் போகும் இழையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் மறுபடி உடையாகிறது என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்குச் சொன்னது. கோபன்ஹேகனில் அந்தக் கணக்கைக் கேட்டு அரங்கமே பெருமூச்சு விட்ட நேரத்தில், எனக்கு அந்த அக்காக்களின் விரல்கள்தான் கண்முன் நின்றன. அது ஒரு தேர்ந்த அறிவு. அந்தக் கருவியைச் செய்தவர்கள் இவர்களுடன் பத்து நாள் உட்கார்ந்தால் கருவி இன்னும் நல்ல கருவியாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடைவேளையில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் நிறங்களைத் தேர்வு செய்யும் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் நேவி ப்ளூவைத் தேர்ந்தெடுக்கிறவர். அவரிடம் உப்பைப் பற்றிச் சொன்னேன். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். டார்க் ஷேடு என்றால் லிட்டருக்கு 70, 80 கிராம் போகும். ஒரு கிலோ துணிக்கு ஏழு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், கிலோ துணிக்கு அரை கிலோ உப்பு. வெளிர் நிறத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பல ஆண்டுகளாக நிறம் தேர்வு செய்கிறேன், இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை என்றார்.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு நொய்யல் ஆறு சொல்லியிருக்கிறது. பாசனத்துக்காக 1992-இல் அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, பாசனம் பெற வேண்டிய விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். உங்கள் பெற்றோரைக் கேளுங்கள், அந்த மாதங்களில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டியும் கொதிக்க வைத்தும் தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறோம். பெரிய சாதனை அது, பெருமையாகச் சொல்லலாம். அப்படியும் திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கிறது. நீங்கள் ஒரு டெக் பேக்கில் ‘நேவி’ என்று எழுதினால், அந்த அடுக்கில் கொஞ்சம் ஏறுகிறது.

கறுப்பும் நீலமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடுத்துகிறவருக்குப் பிடித்த நிறத்தைக் கொடுப்பதும் நம் வேலைதான். லேப் டிப்பை அப்ரூவ் பண்ணும்போது, அந்த ஷேடு என்ன கேட்கும் என்று தெரிந்து பண்ணுங்கள் என்கிறேன்.

ஊர் திரும்பியதும் முதலில் கை வைத்தது நாங்கள் தைக்கும் டீ-ஷர்ட்டின் கழுத்தில். உடம்பு முழுக்கப் பருத்தி, கழுத்து ரிப்பில் மட்டும் லைக்ரா. அந்த ஒரு விரற்கடை ரிப்புக்காக முழு உடையும் மறுசுழற்சிக்கு ஆகாமல் போகிறது. லைக்ராவை எடுத்துவிட்டால் நாலு துவைப்பில் கழுத்து தொங்கிவிடும். எங்கள் நிட்டிங் மாஸ்டர் லூப்பைக் குறைத்து ரிப்பை இறுக்கமாக ஓட்டிக் கொடுத்தார். ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர், ரிப்பை இன்னும் அரை இஞ்ச் குறைத்து வெட்டுங்கள், நான் இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறேன் என்றார். கழுத்து நின்றது. ஆனால் அப்படித் தைக்க நேரம் கூடுதலாகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு நேரம்தான் கூலி. ரேட்டை ஏற்றிக் கொடுத்தேன், அதை விலையில் சேர்த்தேன். ஒரு பையர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஆர்டரையே வேறு இடத்துக்குக் கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறேன். காத்திருக்கக் காரணமும் இருக்கிறது.

நான் கோபன்ஹேகனில் இருந்த சமயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொருள் எதனால் ஆனது, பழுதுபார்க்க முடியுமா, மறுசுழற்சி ஆகுமா என்ற விவரங்களைத் தாங்கிய டிஜிட்டல் பாஸ்போர்ட் படிப்படியாக வர இருக்கிறது. துணி அதில் முன்வரிசையில் இருக்கிறது. விற்காத உடைகளை அழிக்கப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலையிலிருந்து தடை. அந்தக் கழுத்து ரிப்பில் என்ன இருக்கிறது என்று இனி பையரே கேட்பார். பதில் தெரிந்த டிசைனரைத் தேடுவார். அந்தப் பதில் சாயப்பட்டறையிலும் குடோனிலும் ஓவர்லாக் மெஷின் முன்னாலும் இருக்கிறது. இவை மூன்றுக்கும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நீங்கள் படித்திருக்கிறீர்கள். பாரிஸிலும் மிலானிலும் படிக்கிறவர்களுக்கு இந்தப் பேறு கிடையாது.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, நான் சொன்னது போன்ற ஒரு குடோனுக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகிறேன். உங்கள் துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன், வர விரும்புகிறவர்கள் அவரிடம் பெயர் கொடுங்கள். வேன் காலை ஏழு மணிக்கு இந்தக் கல்லூரி வாசலிலிருந்தே கிளம்பும். மதியச் சாப்பாடு என் செலவு.