‘பார்க்கலாம்’ என்று ஒரு சொல்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிஞன் என்று சொல்லி மேடை ஏற்றியிருக்கிறார்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. ஒரு வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் நானும் என் தங்கச்சியும் அவள் பிள்ளையும் எட்டு மாசம் காத்துக் கிடந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மச்சான் இங்கே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. தங்கச்சிக்கு வலி கண்ட ராத்திரி, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவள் கம்மலை நான் வேலை பார்க்கும் பேங்க்கிலேயே அடகு வைத்துப் பணம் கட்டினோம். அடகுச் சீட்டு எழுதியதும் நான்தான்.

குழந்தையின் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்திருக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்கு வலது கை அசையவில்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபட்டால் இப்படி ஆகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். பல பிள்ளைகளுக்குச் சில மாசத்தில் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. இவனுக்கு ஆகவில்லை. இப்படி ஆவதெல்லாம் டாக்டர் செய்த தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் தப்பு செய்யாமலும் நடக்கலாம். எது நடந்தது என்று ஒரு நீதிமன்றம் கேட்டுச் சொல்லட்டும், அவ்வளவுதான் நாங்கள் விரும்பியது.

பிள்ளைக்குப் பதினோரு மாசத்தில் திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து நம்ம மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போகணும்னா சென்னைக்குப் போய், வேற ரயில் ஏறணும். பஸ் என்றால் பெரியபாளையம் சுற்றி. எப்படிப் போனாலும் மச்சானுக்கு ஒரு நாள் கூலி போச்சு. வக்கீலின் குமாஸ்தா முதலில் கேட்டது: “நீங்க ஊரா, காலனியா?” சொன்னோம். காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு வக்கீல் சொன்னார்: “பார்க்கலாம்.”

அடுத்த மாசமும் ‘பார்க்கலாம்’. அதற்கடுத்த மாசம், “டாக்டர் ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும், பார்க்கலாம்.” தங்கச்சி ஒரு நாள் பஸ்ஸில் சொன்னாள்: “அண்ணா, முடியாதுன்னு சொல்லிட்டாக்கூட பரவால்ல. பஸ் காசாவது மிச்சம்.”

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் அப்போது தெரியாது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட இரண்டு வருஷம்தான் கெடு. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கணும். ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் கையில். அடகு நகைக்கு வட்டி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். எங்கள் காத்திருப்புக்கும் அப்படி ஒரு வட்டி ஓடுகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

காத்திருப்பது நமக்குப் புதிது இல்லை. அண்ணல் அம்பேத்கர் தன் கையெழுத்தில் விட்டுப்போய், 1990-ல் அச்சில் வந்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சின்ன நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1929-ல் காந்தியின் ‘யங் இந்தியா’வில் வந்த கடிதம் அது. கத்தியவாரில் தீண்டப்படாத சாதி ஆசிரியர் ஒருவரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். கெஞ்சிக் கூட்டிவந்த பிறகும் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைத்துப் பார்த்துத் திருப்பித் தருகிறான். அந்தத் தாய் செத்துப் போனாள். இன்றைக்கு டாக்டர் தொடுகிறார், மறுக்கவில்லை. தொட்ட கை என்ன செய்தது என்று கேட்கப் போகும்போதுதான் நம்மைத் திண்ணையில் உட்கார வைக்கிறார்கள்.

கேட்டால் கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. 1995-ல் உச்சநீதிமன்றம், காசு வாங்கிப் பார்க்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லாருக்கும் முழுக்க இலவசம் என்றால் மட்டும் வராது. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால், இலவசமாகப் பார்க்கப்பட்ட ஏழையும் கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் வரும் என்று 2007-ல் தீர்ப்பு. எல்லா வழக்கிலும் டாக்டர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் தீர்ப்பு.

நம்ம ஊர் வழக்கு ஒன்று சொல்கிறேன். 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். குறைமாசப் பிள்ளைக்குச் சில வாரத்துக்குள் கண்ணைச் சோதிக்கணும். சோதிக்கவில்லை, சோதிக்கணும் என்று பெற்றவர்களுக்குச் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. தேசிய ஆணையம் 2009-ல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று எதிர்காலச் சிகிச்சைக்கு 1 கோடியே 38 லட்சமும், அதுவரை ஆன செலவும் தமிழ்நாடு அரசு பக்கம் தரணும் என்றது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தீர்ப்பைக் கொண்டாடும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வக்கீல் ஏன் இழுக்கிறார்? அமெரிக்காவில் ஜெயித்தால் பங்கு என்று பேசி வழக்கை எடுப்பார்கள். இங்கே பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஆக முன்பணம் உள்ளவன் வழக்குதான் நகரும். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. தகுந்த கட்டணத்துக்கு வரும் வழக்கை ஏற்பது வக்கீலின் கடமை, தனிக்காரணம் இருந்தால் மறுக்கலாம். மறுக்கட்டும், அது அவர் உரிமை. மறுக்காமலும் எடுக்காமலும் காகிதத்தை அலமாரியில் வைத்துக்கொள்ள எந்த விதியும் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது மாசம் காகிதம் திரும்பி வந்தது. வெளியே வரும்போது இன்னொரு வக்கீலிடம் வேலை பழகும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு போட்டீங்களா?” 1987-ஆம் வருஷச் சட்டம், பிரிவு 12. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் எல்லாருக்கும் வக்கீல் இலவசம். எங்க பிள்ளை பிறந்த சாதியாலும், வயசாலும், தொங்குகிற கையாலும் அதற்குள் வருகிறான். எட்டு மாசமாக நாங்கள் பிச்சை மாதிரிக் கேட்டது எங்கள் உரிமை. பட்டதாரி, பேங்க் கிளார்க், கவிஞன். எனக்குத் தெரியவில்லை, தோழர்களே. வெட்கமாக இருந்தது.

இன்னொரு வெட்கமும் சொல்லணும். அந்த வாரமே என் கவுன்டருக்கு ஒரு கிழவி பென்ஷன் வாங்க வந்தது. கைரேகை மெஷின் எடுக்கவில்லை. “நாளைக்கு வாம்மா, பார்க்கலாம்” என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அந்தக் குமாஸ்தாவின் குரல் என் தொண்டையில். நானும் குமாஸ்தாதானே. எழுந்துபோய் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இருபத்து மூன்றாவது மாசம் புகார் பதிவானது. நடந்துகொண்டிருக்கிறது. ஜெயிப்போமா, தெரியாது. பிள்ளை இடது கையால் சோறு அள்ளப் பழகிவிட்டான்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் இப்படி நடந்தால், முதலில் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரணும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருஷ விதி. மூன்று வருஷம்வரை வைத்திருக்கவும் வேண்டும். பிள்ளை பிறந்த தேதிக்குப் பக்கத்தில் கெடு முடியும் தேதியையும் எழுதுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் சீனியரின் ஆபீஸ் பெஞ்சில் ஒரு தாய் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால், உள்ளே போய்க் கேளுங்கள்: “சார், எடுக்கிறீங்களா, இல்லையா?” பதிலை அன்றைக்கே அவளிடம் கொண்டுவந்து சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அவள் அடுத்த வாசலுக்குப் போகட்டும், கெடு தாண்டும் முன்னே.