வக்கீல் இல்லாத சமுதாயம் வாயில்லாத சமுதாயம்!

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம் கொண்டாடப்படுகிறது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற பகுதிகளை வேராகக் கொண்ட ஸ்பானிய வம்சாவளி மக்களின் விழா அது. லத்தீனோக்கள் என்றும் அவர்களைச் சொல்வார்கள். 1968ல் ஒரு வார விழாவாகத் தொடங்கியது, 1988ல் ஒரு மாத விழாவாக விரிந்தது. ஆடலும் பாடலும் விருந்தும் அதில் உண்டு. நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. அந்த மாதத்தில் சட்டக் கல்லூரிகள், தங்களிடம் படித்து வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் உயர்ந்த லத்தீனோ பட்டதாரிகளை அழைத்துப் பெருமைப்படுத்துகின்றன. அந்த மேடைக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

"அவர்கள் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். ஒரு சொல்லைக் கேளுங்கள். ஸ்பானிய மொழியில் ஊர்த் தலைவருக்கு "அல்கால்தே" என்று பெயர். அது எங்கிருந்து வந்தது? நம்முடைய "அல்காழி" என்ற அரபுச் சொல்லிலிருந்து! 711ல் முஸ்லிம்கள் ஸ்பெயின் மண்ணில் கால் வைத்தார்கள். 1492ல் கிரனாடா வீழ்ந்தது. ஆட்சி போனது, காழி என்ற சொல் மட்டும் போகவில்லை. ஸ்பானியர்கள் அதைக் கடல் தாண்டி மெக்சிகோவுக்கும் டெக்சாஸுக்கும் கொண்டு போனார்கள். அங்கே அல்கால்தேதான் ஊரை நிர்வகித்தார், வழக்கையும் விசாரித்தார்.

அந்த டெக்சாஸ் பின்னர் அமெரிக்காவின் கையில் சேர்ந்தது. காழியின் பெயரைத் தங்கள் ஊர்த் தலைவருக்குச் சூட்டியிருந்த மக்களுக்கு, அதே மண்ணின் நீதிமன்றத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை!

25 ஆண்டுகள், ஒரு பெயரும் இல்லை

1951ல் டெக்சாஸ் மாநிலத்தின் எட்னா என்ற சிற்றூரில் ஒரு கொலை நடந்தது. பீட் ஹெர்னாண்டஸ் என்ற மெக்சிகோ வம்சாவளிக் கூலித் தொழிலாளி குற்றம் சாட்டப்பட்டார். அமெரிக்காவில் இத்தகைய வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று சொல்பவர்கள் ஜூரிகள், அதாவது ஊர் மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஹெர்னாண்டஸைத் தீர்ப்பிட்ட ஜூரியில் அவர் இனத்தவர் ஒருவர்கூட இல்லை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவருக்காக வாதாட மெக்சிகோ வம்சாவளி வழக்கறிஞர்களே முன்வந்தார்கள். கஸ் கார்சியா, கார்லோஸ் கதேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் டியாண்டா. "எங்கள் கட்சிக்காரர் கொல்லவேயில்லை" என்பதில் அவர்கள் வாதத்தை நிறுத்தவில்லை. "தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எங்கள் மக்கள் ஏன் இல்லை?" என்று கேட்டார்கள்.

வியாபாரிகளே, இதைக் கவனியுங்கள்! அவர்கள் வழக்கை வென்றது கணக்கால். அந்த மாவட்ட மக்கள் தொகையில் 14 சதவிகிதம் பேர் ஸ்பானியக் குடும்பப் பெயர் கொண்டவர்கள். ஆனால் 25 ஆண்டுகளாக ஜூரியில் அமர்ந்தவர்களில் அத்தகைய பெயர் ஒன்றுகூட இல்லை. இதை எதிர்த்தரப்பான அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 14 சதவிகிதம் எங்கே, பூஜ்யம் எங்கே? இது தற்செயல் என்று எந்தக் கணக்குப் பிள்ளையாவது சொல்வானா?

அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "சட்டத்தின் பார்வையில் மெக்சிகோகாரர்களும் வெள்ளையர்களே. வெள்ளையர் ஜூரி வெள்ளையரை விசாரித்தது. இதில் பாகுபாடு எங்கே?" என்றது. இந்த வாதத்தை உடைக்க நீண்ட தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எந்த எழுத்தும் இல்லை. மற்றொன்றில் "கறுப்பு ஆண்கள்" என்று எழுதி, அதன் கீழே ஸ்பானிய மொழியில் "ஆண்கள் இங்கே" என்று எழுதியிருந்தார்கள். ஜூரிப் பட்டியல் போடும்போது மட்டும் வெள்ளையர், கழிப்பறைக்குப் போகும்போது வேறு இனமா?

வழக்கு வாஷிங்டன் உச்சநீதிமன்றம் வரை போனது. பணம்? லுலாக் என்ற சமுதாய அமைப்பும், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் ஜி.ஐ. ஃபோரம் என்ற அமைப்பும் நிதி திரட்டின. ஏழை எளிய மக்கள் கசங்கிய நோட்டுகளையும் சில்லறைக் காசுகளையும் கொடுத்தார்கள். 1954 ஜனவரியில் கார்சியாவும் கதேனாவும் அந்த மன்றத்தில் எழுந்து நின்றார்கள். அதற்குமுன் மெக்சிகோ வம்சாவளி வழக்கறிஞர் எவரும் அங்கே வாதாடியதில்லை.

1954 மே 3ஆம் நாள் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பை எழுதி அளித்தார். நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் நின்றார்கள். கறுப்பர், வெள்ளையர் என்ற இரு பிரிவுக்கு மட்டும் உரியதல்ல சமத்துவப் பாதுகாப்பு. ஒதுக்கப்படும் எந்தப் பிரிவுக்கும் அது உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது இதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான்.

ஹெர்னாண்டஸ் என்ன ஆனார்? மறுவிசாரணை நடந்தது. இம்முறை ஜூரியில் அவர் இனத்தவரும் இருந்தார்கள். அவர் மீண்டும் குற்றவாளி என்றே முடிவாயிற்று. இதுதான் சகோதரர்களே, இந்த வழக்கின் கண்ணியம்! அவர்கள் கேட்டது சலுகை அல்ல, நீதி. நம்மவன் என்பதற்காகத் தப்ப வைப்பதல்ல நீதி. சொந்த உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும் கடமையைத் திருக்குர்ஆன் (4:135) நம்மீது சுமத்தியிருக்கிறதே!

நிதியும் நிறுவனமும்

தீர்ப்பு வந்தால் எல்லாம் மாறிவிடுமா? 1966ல் டெக்சாஸின் ஜூர்டான்டன் ஊரில், காலை இழந்த ஒரு பெண்ணுக்காக பீட் திஹெரினா என்ற வழக்கறிஞர் நஷ்டஈடு கேட்டுப் போனார். ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் மெக்சிகோ வம்சாவளியினர் இல்லை! தீர்ப்பு வந்து 12 ஆண்டுகள் கழித்தும் இந்த நிலை.

அவர் ஆத்திரப்பட்டுக் கத்தவில்லை. நிறுவனம் கட்டினார். கறுப்பின மக்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தாரிடம் ஆலோசனை கேட்டார். 1968ல் "மால்டெஃப்" என்ற சட்ட நிதியம் சான் அன்டோனியோ நகரில் பிறந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 22 லட்சம் டாலர் தந்தது. அதில் இரண்டரை லட்சம் டாலர் எதற்காகத் தெரியுமா? சட்டம் படிக்கும் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் கல்வி உதவிக்காக! வழக்கு நடத்தவும் பணம், வழக்கு நடத்துபவனை உருவாக்கவும் பணம். 1982ல் அந்த நிதியத்தின் வழக்கறிஞர்கள் மற்றொரு வழக்கை வென்றார்கள். உரிய ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி உறுதியாயிற்று.

ஒரு வேதனையையும் மறைக்கக் கூடாது. உச்சநீதிமன்றத்தை வென்ற கஸ் கார்சியா, குடிப் பழக்கத்துக்கு அடிமையாகி, 1964ல் சான் அன்டோனியோவில் ஒரு பூங்கா பெஞ்சில் உயிரிழந்து கிடந்தார். வயது 48. எத்தகைய அறிவையும் மது தின்றுவிடும் என்பதற்கு இது சாட்சி. அத்துடன் ஒரு கேள்வியும் எழுகிறது: தனக்காக உழைத்தவன் சரியும்போது சமுதாயம் எங்கே போனது?

பிராங்க்ஸ் தெருவிலிருந்து

அந்தத் தீர்ப்பு வந்த அதே 1954 ஜூன் மாதம், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது வயதில் தந்தையை இழந்தது. சிறு வயதிலேயே சர்க்கரை நோய். தாய் நர்ஸ் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கலைக்களஞ்சியமும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் 1976ல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார், 1979ல் யேல் சட்டக் கல்லூரியில் தேறினார். அரசு வழக்கறிஞராகத் தொடங்கி, 1992ல் நீதிபதியானார். 2009ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் ஹிஸ்பானிக் நீதிபதியாக அமர்ந்தார். அவர்தான் சோனியா சோட்டோமேயர்.

ஜூரி நாற்காலிக்காக வழக்குத் தொடுத்த மக்கள், 55 ஆண்டுகளில் நீதிபதி நாற்காலியைத் தொட்டார்கள். ஆயினும் பயணம் முடியவில்லை. இன்றும் அமெரிக்க மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் லத்தீனோக்கள், வழக்கறிஞர்களில் 100க்கு 6 பேர் அளவில்தான் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

"வக்கீல் தொழில் பொய் சொல்லும் தொழில்" என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். தராசில் கல்லைக் குறைப்பவன் இருக்கிறான் என்பதற்காக வியாபாரத்தையே ஹராம் என்றோமா? தவறு தொழிலில் இல்லை, கையில் இருக்கிறது. காழிகளைத் தந்த உம்மத், கறுப்பு அங்கியைக் கண்டு ஒதுங்கலாமா?

இளைஞனே! ஊர்வலத்தில் முழங்கும் உன் குரல் தெரு முனையோடு நின்றுவிடும். சட்டம் படித்த உன் குரல் தீர்ப்பில் எழுதப்படும். பட்டியல்களைப் படி, எண்ணிப் பார், ஆதாரத்தோடு பேசு. கார்சியாவும் கதேனாவும் வென்றது அப்படித்தான்.

வியாபாரப் பெருமக்களே! கட்டடத்துக்கும் விருந்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! உங்கள் தெருவில் சட்டம் படிக்க ஆசைப்படும் ஏழைப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி இருப்பார்கள். ஐந்தாண்டுக் கட்டணத்தைப் பத்துக் கடைக்காரர்கள் பங்கு போட்டால் எவருடைய கல்லாவும் காலியாகாது. கைது நடந்த இரவில் வக்கீலைத் தேடி ஓடுவதைவிட, இன்றே ஒரு வக்கீலை வளர்ப்பது மேல்.

படிக்க வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். அவன் வென்றால் தோளில் தூக்குங்கள், சறுக்கினால் கை கொடுங்கள். நம் கஸ் கார்சியாக்கள் பூங்கா பெஞ்சில் கிடக்கக் கூடாது.

நீதிக்காக நிற்போராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.