கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் நிலத்தோற்றப் படம்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மானாவாரி நிலம் வைத்திருப்போர் தத்தம் நிலத்தின் மண்வளத்தையும் மேடுபள்ளத்தையும் நன்கு அறிவர். ஆனால், பெருமழை பெய்யும்போது தம் நிலத்திற்கு எத்தனை ஏக்கரிலிருந்து நீர் வந்து சேர்கிறது என்று கேட்டால், பலராலும் உடனே விடை சொல்ல இயலுவதில்லை. மூன்று ஏக்கர் உடைய ஒருவர் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 600 கன மீட்டர் நீர் கொள்ளும். பக்கச் சரிவைக் கழித்தால் இன்னும் குறையும். ஓர் எக்டரிலிருந்து 10 மி.மீ. நீர் வழிந்தோடினால் அது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் ஆகும். அவருடைய மூன்று ஏக்கர் நீர் மட்டும் வந்தால் சுமார் 120 கன மீட்டர்தான், குட்டை தாங்கும். மேற்புறத்திலுள்ள 40 ஏக்கர் நீரும் அதே வழியாக இறங்குமானால் வருவது ஏறத்தாழ 1,600 கன மீட்டர். போதிய வழிந்தோடி இல்லையென்றால் கரை நிற்காது. வெட்டிய கூலி வீணாவதோடு, கீழ்நிலத்துக்காரரின் பயிரும் வண்டலில் புதையும்.

இந்த 40 ஏக்கரை முன்கூட்டியே கண்டறிவதற்குத்தான் நிலத்தோற்றப் படம் பயன்படுகிறது. அலுவலர்கள் இதை டோப்போ ஷீட் என்பர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்து வரைந்த சம உயரக் கோடுகள் இதில் இருக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமவெளி. கோடுகள் மேட்டுப் பக்கமாக வளைந்து உள்ளே சென்றால் அங்கே ஓடை இறங்குகிறது. பள்ளத்துப் பக்கமாகப் புடைத்து வந்தால் அது கரடு அல்லது மேட்டு முதுகு. இந்தப் படத்தைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டால், ஓடையில் நடந்து செல்லும்போதே நாம் நிற்கும் இடம் படத்தில் ஒரு குறியாகத் தெரியும்.

இது வீட்டுக்கு வீடு வாங்க வேண்டிய கருவி அன்று. உழவர் மன்றமோ உற்பத்தியாளர் குழுவோ ஒன்று வாங்கி, ஊர் முழுவதும் பயன்படுத்தலாம். கைப்பேசியிலும் ஜி.பி.எஸ். உண்டு, நான் கூறப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். எனினும் வெயிலில் திரை தெளிவாகத் தெரிவதும், சாரலில் நனைந்தாலும் கெடாததும், இரண்டு பென்சில் பேட்டரியில் நாள் முழுவதும் இயங்குவதும் தனிக்கருவியின் வசதிகள்.

கருவி வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கருவியிலும் படம் ஏற்ற முடியாது. எடுத்துக்காட்டாக, கார்மின் ஈட்ரெக்ஸ் வரிசையில் 10 என்ற எண்ணுடையது இடங்களைக் குறித்து வைக்கும், நடந்த வழியைப் பதிவு செய்யும். விரிவான படத்தை ஏற்காது. 20, 30 என்ற எண்ணுடையவற்றில் மெமரி கார்டு செருகும் இடம் உண்டு; படம் ஏற்றலாம்.

இந்தியாவிற்கான சாலை, ஓடை, சம உயரக் கோடு அடங்கிய இலவசப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இறக்கிய கோப்பின் பெயர் 'ஐ.எம்.ஜி.' என்று முடியும். அதைக் கணினி வழியாக மெமரி கார்டில் 'கார்மின்' என்ற பெயருள்ள உறைக்குள் இட வேண்டும். பழைய கருவிகள் 'ஜிமேப்சப்' என்ற ஒரே பெயருள்ள கோப்பைத்தான் படிக்கும். அதே பெயரில் இரண்டாவது படத்தை இட்டால் முதற்படம் அழிந்துவிடும். ஆகவே பழையதைக் கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியைக் கணினியிலிருந்து விடுவிக்கும்போது இணைப்பைச் சட்டென்று பிடுங்குதல் கூடாது.

பிறகு கருவியின் செட்டப் பகுதியில் மேப் என்பதைத் திறந்து, ஏற்றிய படத்தை இயக்க வேண்டும். ஒரே பரப்பிற்கு இரண்டு படங்கள் இயக்கத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். படம் வரவில்லையே என்று புதியவர்கள் பலர் கடைக்காரரிடம் திரும்பிச் செல்வதுண்டு. உண்மையில் சம உயரக் கோடுகள் படத்தை அருகே பெரிதாக்கினால்தான் தோன்றும். சில நூறு மீட்டர் அளவு திரையில் வரும்வரை பெரிதாக்கிப் பாருங்கள்.

'லாக் ஆன் ரோட்' என்ற அமைப்பை அணைத்து வைப்பது மிக முக்கியம். அது இயக்கத்தில் இருந்தால், சாலையோர வயலில் நீங்கள் நடந்தாலும் கருவி உங்களைச் சாலையின் மேல் நடப்பதாகவே காட்டும். கார் ஓட்டுவோருக்காக ஏற்பட்ட வசதி அது.

அடுத்தது டேட்டம், அதாவது இடக்கணக்கின் அடித்தளம். இதை 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்று வைக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற வேறு கணக்கில் வரையப்பட்டவை. அவற்றில் படித்த எண்களை அப்படியே கருவியில் இட்டால், நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். கிணறு பக்கத்து ஊர்க்காரர் காட்டில் இருப்பதாகத் தெரியும்! 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளிவரும் ஷீட்டுகள் புதிய கணக்கில் உள்ளன. யு.டி.எம். முறையில் எண்களைக் குறிப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்க. தமிழ்நாட்டின் குறுக்கே 78 பாகைத் தீர்க்கக்கோடு செல்கிறது. அதற்கு மேற்கிலுள்ள கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் 43ஆம் மண்டலம். கிழக்கிலுள்ள மதுரை, சேலம், திருச்சி 44ஆம் மண்டலம். மண்டல எண்ணை விட்டு எழுதிய குறிப்பு எதற்கும் உதவாது.

எல்லாம் முடிந்ததும் ஏரி மதகு, சாலைச் சந்திப்பு போன்ற ஐயமற்ற ஓர் இடத்தில் நின்று, படத்திலும் அங்கேயே நிற்கிறீர்களா என்று சரிபாருங்கள். தென்னந்தோப்புக்குள்ளோ உயர்ந்த சுவரை ஒட்டியோ நின்று பார்த்தல் ஆகாது. வானம் திறந்திருக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதனால் நூறு மீட்டர் வரை தவறு நேர்ந்தது. இன்று திறந்த வெளியில் சில மீட்டர் பிழைதான். ஓடையையும் கிணற்றையும் குறிக்க இது தாராளமாகப் போதும். வரப்புத் தகராறுக்குப் போதாது. ஓர் ஏக்கர் சதுர நிலத்தைச் சுற்றி நடந்து அளக்கும்போது, ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளிப் பதிவானால் ஆறு செண்டு கூடிவிடும். விதை, உரம் கணக்கிட அந்த அளவு சரி. எல்லைக்கு நில அளவரும் எஃப்.எம்.பி. புலப்படமுந்தான்.

உயர விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இலவசப் படங்களில் உள்ள சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் மூலம் எடுத்த அளவுகளிலிருந்து கணினி வரைந்தவை. அதன் விரிவான பதிவில் 30 மீட்டர் சதுரத்திற்கு ஓர் உயரம், அதாவது சுமார் 22 செண்டுக்கு ஒன்று. பழைய பதிவில் 90 மீட்டர் சதுரத்திற்கு ஒன்று. இரண்டு ஏக்கர் நிலம் முழுவதற்கும் ஒரே உயரம்! அந்த உயரத்திலும் பல மீட்டர் பிழை இருக்கலாம். அடர்ந்த தோப்பு சிறு மேடுபோலத் தெரியும். நான்கடி அகல வாய்க்கால் தெரியவே தெரியாது.

இனி கணக்குப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு சரிவுள்ள நிலத்தில் 20 மீட்டர் இறங்க ஒரு கிலோ மீட்டர் போக வேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே ஒரு கிலோ மீட்டர் இருக்கும்போது உங்கள் இரண்டு ஏக்கரில் ஒரு கோடுகூட விழாது. அதே சரிவில் சம உயர வரப்பு போடுவதோ ஏறத்தாழ முக்கால் மீட்டர் இறக்கத்திற்கு ஒன்று. ஆகவே வரப்புக்கு முளை அடிக்க இந்தப் படத்தையோ, கருவி காட்டும் உயரத்தையோ நம்புதல் கூடாது. தவறான மட்டத்தில் போட்ட வரப்பில் நீர் ஒரு மூலையில் தேங்கி உடைக்கும். உடைந்த இடத்தில் மறு ஆண்டு ஓடையே பிறந்துவிடும். அந்த வேலைக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதுமானது. ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு கோல்களில் கட்டி, இருவர் பிடித்து நகர்ந்தால் செண்டிமீட்டர் கணக்கில் மட்டம் கிடைக்கும். குழாயில் காற்றுக் குமிழி மட்டும் இருக்கலாகாது.

எனவே படத்தைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் நிலத்தில் தொடங்கி ஓடை வழியே மேல்நோக்கி நடந்து செல்லுங்கள். மேல்நிலத்துக்காரர்களையும் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். அவர்கள் வரப்பை உடைத்து விட்ட இடம் எந்தப் படத்திலும் இராது. ஓடை பிரியும் இடம், அரித்த பள்ளம், உடைந்த வரப்பு, கிணறு ஒவ்வொன்றையும் கருவியில் எண்ணிட்டுக் குறியுங்கள். அதே எண்ணை நோட்டிலும் எழுதுங்கள். பின்னர் படத்தில் மேட்டு முதுகு வழியே சுற்றி வந்தால் உங்களுக்கு நீர் தரும் பரப்பு தெரியும். நிலம் தட்டையாக இருந்து கோடுகள் விளங்காவிட்டால், மழை பெய்யும்போதே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், நீர் எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்துக் குறித்து வருவதே சரியான வழி.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஓடைக்குள் முள்ளும் புல்லும் மண்டி இறங்க முடியாது. ஆவணி, புரட்டாசியிலேயே முதல் நடையை முடித்துக்கொண்டால், குட்டையின் அளவையும் வழிந்தோடியின் அகலத்தையும் முடிவு செய்ய உங்கள் வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலரிடம் கையில் கணக்கோடு செல்லலாம்.