கைமாறும் மோட்டார்ச் சைக்கிள்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் இலங்கை வீதிகளில் ஓடிய மோட்டார்ச் சைக்கிள்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவையே. பீ.எஸ்.ஏ., நோட்டன், றயம்ப் என்னும் பெயர்கள் அக்காலத்து இளைஞர் வாயில் மந்திரம்போல உலாவின. கனத்த இரும்பு, உரத்த ஓசை, உதைத்து இயக்குவதற்கே ஒரு தனிப் பயிற்சி ஆகிய யாவும் அவ்வூர்தியின் குறைகளாக அன்றிப் பெருமைகளாகவே கருதப்பட்டன. அதனை வைத்திருந்தவர் ஊரில் ஒரு தனி மனிதர். சந்தைக்குப் போய் ஒரு பிடி கீரை வாங்கிவருவதற்கு அது ஏற்றதுதானா என்று அவரிடம் கேட்கத் துணிந்தவர் அரியர்.

அக்கேள்வியை வேறொரு நாட்டில் இருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். ஜப்பானில் ஹொண்டா நிறுவனத்தைத் தொடக்கிய சோய்ச்சிரோ ஹொண்டாவும், அதன் வியாபாரப் பொறுப்பை ஏற்றிருந்த தக்கேயோ ஃபுஜிசாவாவும் 1956ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று அங்கே ஓடிய சிறு ஊர்திகளைக் கண்டனர். அந்தப் பயணத்தின் பின் பிறந்ததே ‘சூப்பர் கப்’. 1958 ஓகஸ்ட் மாதத்தில் விற்பனைக்கு வந்த அதன் இயந்திரக் கொள்ளளவு 49 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்தி வீடு வீடாகச் செல்லும் கடைப்பையன் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாய் அது இருத்தல் வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. ஆதலால் இடக்கைக் கிளச்சுப் பிடி நீக்கப்பட்டு, சுழற்சி வேகத்தால் தானே பற்றித் தானே விடும் கிளச்சு அமைக்கப்பட்டது. சேறு தெறிக்காதபடி கால்களுக்கு முன்னால் பிளாஸ்ரிக் மறைப்பு, சங்கிலிக்கு உறை, காலைத் தூக்கிப் போடாமலே ஏறி அமரத்தக்க தாழ்ந்த நடுப்பகுதி. பந்தயத் திடலில் இவை எதற்கும் மதிப்பில்லை. ஆயினும் 2017ஆம் ஆண்டில் இவ்வினத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. உலகில் வேறெந்த மோட்டார் ஊர்தியும் எட்டாத தொகை அது.

அன்று தொடங்கிய மாற்றம் இன்றும் வீட்டுக்கு வீடு சிறிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது. இருபத்தைந்து வயதில் ஆசையோடு வாங்கிய வண்டியை நாற்பத்தைந்து வயதில் கொடுத்து, நாள்தோறும் ஓடுவதற்கு ஏற்ற வேறொன்றை எடுக்க எண்ணுவோர் பலர். பெரியதைக் கொடுத்துச் சிறியதை எடுப்பதை ஒரு தோல்விபோல எண்ணுவோரும் உளர். அயலார் என்ன நினைப்பர் என்ற கூச்சம் பெற்றோற் கணக்கைவிடப் பல தடவை பாரமாயிருக்கிறது. இது வீண் கூச்சம்.

சாவகச்சேரியில் வாழ்ந்து, யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பாடசாலைக்கு நாளாந்தம் சென்றுவரும் ஓர் ஆசிரியரை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அவரிடம் இருப்பது 150 கன சென்ரிமீற்றர் வகுப்பைச் சேர்ந்த இந்திய மோட்டார்ச் சைக்கிள். நிறை 140 கிலோகிராமுக்கு மேல். ஓடும்போது அந்த நிறை தெரிவதில்லை. சிறிது வேகம் பிடித்தவுடன் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். நிறை தெரியும் இடங்கள் வேறு. வீட்டுப் படலையைத் திறந்து மணலில் பின்னோக்கித் தள்ளும்போதும், சந்தை வாசலில் நெருக்கி விடப்பட்ட வண்டிகளுக்கிடையிலிருந்து இழுத்தெடுக்கும்போதும், மழை நாளில் வழுக்கும் நிலத்தில் ஒற்றைக் காலூன்றி நிற்கும்போதும் அது முழங்காலுக்கும் முதுகுக்கும் தெரியும். விளம்பரங்களில் வண்டி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டு வண்டியோ நாளின் பெரும்பகுதியை நின்றும், தள்ளப்பட்டும், திருப்பப்பட்டும் கழிக்கிறது.

அவர் நூறு கன சென்ரிமீற்றர் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் சிறப்புகளை மாலையில் மனைவியிடம் எடுத்துரைக்கிறார். நாளாந்த ஓட்டத்துக்கு இதுவே உகந்தது என்கிறார். அம்மையார் கேட்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறார்: “இஞ்சாருங்கோ, நாளாந்தம் நாளாந்தம் எண்டு சொல்லுறியள். ஆற்றை நாளாந்தம்?”

சற்று நேரம் பேசாதிருந்த ஆசிரியர், “நீர் கேக்கிறதும் ஞாயந்தான்” என்கிறார்.

அந்தக் கேள்வியில்தான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆசிரியரின் நாளாந்தம் 32 கிலோமீற்றர். போக்கும் வரவும் முடிந்தது. அம்மையாருக்கோ காலையில் சந்தை, மாதமொருமுறை மாமியாரோடு ஆஸ்பத்திரி, பிற்பகலில் மகளின் தனியார் வகுப்பு, வெள்ளிக்கிழமை கோயில். இவற்றுள் ஒன்றுக்கேனும் கணவரின் வண்டி அவருக்குப் பயன்பட்டதில்லை. சேலையுடுத்தவர் அதில் ஒரு பக்கமாகப் பின்னால் அமரலாம். முன்னால் அமர்ந்து ஓட்டுவது அரிது. போர் முடிந்தபின் குடாநாட்டு வீதிகளில் காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவர் காண்பது என்ன? ஆசிரியைகளும் தாதியரும் அலுவலகப் பெண்களும் ஸ்கூட்டரில் தாமே தம்மைக் கொண்டு செல்கின்றனர். ஒரு வீட்டில் ஒரு வண்டிதான் உண்டெனில், அது இருவரும் ஓட்டத்தக்கதாய் இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய வேறுபாடன்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும், கணவர் வரும்வரை ஒத்திவைக்கப்படும் அலுவல்களும் எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

ஆயின் ஸ்கூட்டருக்கும் அதற்குரிய குறைகள் உண்டு. முதலாவது பெற்றோல். சிறிய வண்டி குறைவாகக் குடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. நூறு கன சென்ரிமீற்றர் மோட்டார்ச் சைக்கிள் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் ஓடும் என்று கொள்ளலாம். 150 வகுப்பு வண்டி 40 அல்லது சற்று மேல். ஸ்கூட்டரும் பெரும்பாலும் அந்த நாற்பதை ஒட்டியே நிற்கிறது. காரணம், அதில் பற்சக்கரக் கியருக்குப் பதிலாக, விரிந்தும் சுருங்கியும் செல்லும் இரு கப்பிகளுக்கிடையே ஒரு றப்பர்ப் பட்டி ஓடுகிறது. கியர் மாற்றும் தொல்லையை அது ஒழிக்கிறது. கூலியாக வலுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 150ஐக் கொடுத்து ஸ்கூட்டர் எடுப்பவர் பெற்றோற் செலவு பாதியாகும் என்று கணக்கிடுவாராயின் முதல் மாதத்திலேயே ஏமாற்றமடைவார்.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த மாதம் வந்த எரிபொருள் அனுமதி முறையில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என ஒதுக்கப்பட்டது. மேற்சொன்ன ஆசிரியரின் ஐந்து நாள் ஓட்டம் 160 கிலோமீற்றர். லீற்றருக்கு நாற்பது ஓடும் வண்டிக்கு அது மிகச்சரியாக நான்கு லீற்றர். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துளியும் மிஞ்சாது. அறுபது ஓடும் வண்டிக்கோ மூன்று லீற்றரும் தேவைப்படாது. அம்முறை 2023இல் நிறுத்தப்பட்டது. எனினும் வரிசையில் இரவு முழுவதும் நின்றவர்கள் அந்த எண்களை மறக்கவில்லை.

வடக்கிலுள்ளவர்களுக்கு அதற்கு முந்திய நினைவும் ஒன்றுண்டு. 1990இன் பின் சில ஆண்டுகள் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது மக்கள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். கிடைத்தற்கரிய பெற்றோலில் சில துளி விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே அதனை ஓரளவு பொறுத்துக்கொண்டன. புகையையும் நெடியையும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார். புதிய வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது.

ஸ்கூட்டரின் இரண்டாவது குறை அதன் சில்லு. மோட்டார்ச் சைக்கிளின் சில்லு பெரும்பாலும் 17 அங்குலம். ஸ்கூட்டரின் சில்லு 10 அல்லது 12 அங்குலம். ஒரே குழியில் பெரிய சில்லு அதன் விளிம்பை மேவிச் செல்லும். சிறிய சில்லு உள்ளே இறங்கி மோதும். செப்பனிட்ட பெருவீதியில் இது பொருட்டன்று. உள்ளூர் ஒழுங்கைகளில், அதிலும் மாரியில் வெள்ளம் நின்று குழியை மறைத்திருக்கும்போது, இதுவே கைமுறிவுக்கும் தப்புதலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. காற்றையும் சேர்த்தே எண்ணவேண்டும். கைதடியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது இருபுறமும் வெட்டவெளியும் நீரேரியும். சோளகம் பெயர்ந்தடிக்கும் மாதங்களில், அகன்ற முன்மறைப்பும் குறைந்த நிறையுமுடைய ஸ்கூட்டர் பக்கவாட்டில் தள்ளப்படுவதை அவ்வழியே செல்வோர் அறிவர். பின்னால் பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வருமாயின் நிலைமை சொல்ல வேண்டியதில்லை. அவ்வீதியால் ஸ்கூட்டரில் போவோர் வேகத்தைக் குறைத்து, பத்து நிமிடம் முந்திப் புறப்படுவதே வழி. அது முடியாதவருக்கு அந்த வண்டி பொருந்தாது.

ஆசிரியர் வீட்டில் ஸ்கூட்டரே வந்தது. பெற்றோலில் இலாபமில்லை என்று தெரிந்தே எடுத்தனர். காலால் மாற்றும் கியரும் தாழ்ந்த நடுப்பகுதியும் 17 அங்குலச் சில்லும் ஒன்றாய் அமைந்த பழைய ‘கப்’ இன வண்டி கிடைத்திருந்தால் இருவர் தேவையும் இன்னும் நன்றாக நிறைவேறியிருக்கும். நல்ல நிலையில் அவை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வைத்திருப்பவர் விடுவதில்லை.

இனி, கொடுக்கல் வாங்கல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வண்டிகளின் விலை வாங்கிய விலையையும் கடந்து ஏறியதை நாடு கண்டது. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபின்னும் பலரின் மனத்தில் அந்தப் பழைய உச்சவிலையே நிற்கிறது. வியாபாரிகள் இம்மனநிலையை நன்கு அறிவர். எடுத்துக்காட்டாக, ஒரு கடைக்காரர் பழைய வண்டிக்கு மூன்று இலட்சம் தருவதாகச் சொல்லி, புதியதற்கு ஏழு இலட்சம் கேட்கிறார். இன்னொருவர் பழையதற்கு இரண்டே முக்கால் இலட்சம்தான் தருவேன் என்கிறார்; புதியதற்கு ஆறரை இலட்சம் கேட்கிறார். முன்னவர் தாராளமானவராகத் தோன்றுகிறார். கையிலிருந்து போவதைப் பார்த்தால் முன்னவரிடம் நான்கு இலட்சம். பின்னவரிடம் மூன்றே முக்கால் இலட்சம். கேட்கவேண்டியது மேலதிகமாகக் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதை மாத்திரமே. தனியாருக்கு நேரே விற்றால் கூடிய விலை கிடைக்கலாம். அதற்குப் பொறுமையும் வீட்டுக்கு வந்துபோகும் அந்நியர்களைச் சகிக்கும் மனமும் வேண்டும்.

புதியதற்குப் பதிலாகப் பாவித்த வண்டியை எடுப்பவர், விற்பவர் அதனை இயக்கிக் காட்டுமுன் இயந்திரத்தருகே கையை வைத்துப் பார்ப்பது நன்று. சூடாயிருந்தால், வாங்க வருபவருக்காக முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில் அது எப்படி உயிர்பெறுகிறது என்பது மறைக்கப்படுகிறது. நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது. ஸ்கூட்டராயின் உள்ளே மறைந்திருக்கும் பட்டி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கவேண்டும். சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்துள்ள இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வோர் எண்ணாகப் பார்க்கவேண்டும். தவணைக் கடனில் எடுத்த வண்டியாயின் அப்புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனமே முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். அந்நிறுவனம் விடுவித்தாலன்றி விற்பனை நிறைவுபெறாது.

பெரும்பாலோர் அசட்டை செய்யும் இடம் இதன் பின்னரே வருகிறது. பெயர்மாற்றப் படிவங்களில் விற்பவர் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுவது நாட்டில் பெருவழக்காகிவிட்டது. ‘ஓபன் பேப்பர்’ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. பெற்ற வியாபாரி அதை மூன்றாமவருக்கும், மூன்றாமவர் நான்காமவருக்கும் கொடுப்பர். திணைக்களப் பதிவேட்டில் வண்டி இன்னும் முதல் ஆளின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முன்பின் அறியாத ஊரில் அந்த வண்டி ஒருவரை மோதிவிட்டு நில்லாமல் ஓடினால், பொலிஸார் இலக்கத்தட்டைக் கொண்டு தேடிவருவது அவர் வீட்டுப் படலைக்கே. தாம் எப்போதோ விற்றுவிட்டதாக அவர் சொல்வார். யாருக்கு என்று கேட்டால் சொல்ல அவரிடம் பெயர் இராது. வாங்கியவருக்கும் இது நல்லதன்று. காப்புறுதி ஒருவர் பெயரிலும் வண்டி வேறொருவர் கையிலும் இருந்தால், விபத்தின்பின் நட்டஈடு கேட்டுப் போகும்போது வாசலிலேயே தடை எழும்.

ஆகவே கொடுப்பவர், வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நிரப்பப்பட்ட பின்னரே ஒப்பமிட வேண்டும். எல்லாத் தாள்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கைமாறிய நாளையும் நேரத்தையும் அதில் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தாமதமின்றி அறிவித்தலும் அவர் கடமையே. மழைக்கவசம், கருவிப் பை, இரண்டாவது திறப்பு ஆகியவற்றை அதற்குப் பிறகு தேடி எடுத்துக் கொடுக்கலாம்.