நனையாத கொப்பி



இலக்கிய நிகழ்ச்சியில் பரீட்சைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உயர்தர வகுப்பிற்குத் தமிழ் படிப்பிக்கும் என்னைப் போன்றவனுக்கு இலக்கியமும் பரீட்சையும் ஒரே மேசையில் கிடப்பவை. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே வரும்.

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை. உயர்தரப் பரீட்சை தொடங்கிய நாள். வாடைக் காற்றோடு வந்த மழை விடுவதாக இல்லை. வங்கக் கடலில் தாழமுக்கம் வலுத்து வருவதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. 27ஆம் திகதி நாடு முழுவதும் பரீட்சைகள் இடைநிறுத்தப்பட்டன. டிசம்பர் 4ஆம் திகதிதான் அவை மீண்டும் தொடங்கின. இடையில் ஒரு வாரம். படித்ததை நெஞ்சில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்த வாரம் அது.

அந்த நாட்களில் என் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தகப்பன் கடற்றொழிலாளி. துறைமுகத்தை அண்டிய தாழ்வான ஒழுங்கையில் வீடு. இரவோடிரவாக வெள்ளம் உள்ளே வந்திருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்த இரண்டு வருடக் கொப்பிகளும் ஊறிவிட்டன.

"சேர், எல்லாம் போச்சு. இனி நான் என்னத்தைப் பாத்துப் படிக்கிறது?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வேறொரு பிள்ளையின் கொப்பியை இரவல் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, நாலைந்து வெற்றுத் தாள்களை எடுத்து அவள் முன் வைத்தேன். "பிள்ளை, ஞாபகத்தில் இருக்கிறதை எழுது, பாப்பம்" என்றேன்.

ஒரு மணித்தியாலம் எழுதினாள். வாசித்தபோது எனக்குத்தான் பாடம் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிய குறிப்புகள் பாதியில் அறுந்து நின்றன. 'சிறப்புகள் ஐந்து' என்று தலைப்பு இருந்தது. மூன்றுதான் கீழே இருந்தன. ஆனால் பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் இடத்திற்கு வந்ததும் பேனா ஓடியிருந்தது. அந்தப் பாடத்தன்று வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அரசனுக்காக நான் பேசினேன், அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "சாட்சி கேளாமல் தண்டித்தவனிடம், சாட்சியைக் கையில் கொண்டு வந்தவள் கண்ணகி" என்று எழுதியிருந்தாள். இது என் குறிப்பில் இல்லாத வசனம். அவளே கண்டுபிடித்தது.

வெள்ளம் கொண்டுபோனது என்னுடைய கொப்பியை. மிஞ்சியது அவளுடைய படிப்பு.

இதை யோசிக்கும்போது எங்கள் ஊரோடு தொடர்புடைய பெரியார் ஒருவர் நினைவுக்கு வருகிறார். காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, பின்னாளில் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவரைத் துறவியாகவும் பேராசிரியராகவும் அறிவோம். அவர் பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதியவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் விஞ்ஞானமும் படித்தார். பின்னர் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார்.

தமிழும் விஞ்ஞானமும் வேறு வேறு பரீட்சைகளுக்காகப் படித்தவை. இரண்டும் எங்கே சந்தித்தன தெரியுமா? 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்'. வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் சுரங்களை இலக்கியச் சான்றுகளோடு கணித முறையாலும் ஆராய்ந்த நூல் அது. அது வெளிவந்த சில வாரங்களில் அவர் மறைந்தார். பண்டிதர் பரீட்சைக்கும் அந்த நூலுக்கும் இடையே 31 ஆண்டுகள். பரீட்சை மண்டபத்து வாசலில் இறக்கி வைத்துவிடும் படிப்பு அத்தனை காலம் நிற்குமா?

'வரப்போகும் கேள்வி' என்று தாள் விற்கிற காலம் இது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இசட் புள்ளியில் மயிரிழை வித்தியாசம் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கவும் செய்கிறது, மூடவும் செய்கிறது. நானும் கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்கிறேன். நேரத்தோடு எழுதிப் பழக அது வேண்டும். ஆனால் ஊகித்த கேள்வி வராவிட்டால் கைவிரிக்கும் படிப்பு, அரை மழைக்கும் தாங்காது.

எனவே பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை. ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் கொப்பியை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே மட்டும் திரும்பப் படியுங்கள். மண்டபத்தில் வினாத்தாளை வாசிக்கத் தரும் 10 நிமிடத்தைப் பதற்றத்திற்குக் கொடுத்துவிடாதீர்கள். கேட்டது என்ன என்று பார்க்கவே அது தரப்படுகிறது. முதல்நாள் இரவு நித்திரை கொள்ளுங்கள். விடியவிடியக் கண்விழித்துச் சேர்த்தது பகலில் உதவாது.

பெற்றோருக்கும் ஒன்று. ஒவ்வொரு பாடம் முடிந்து வரும்போதும் வாசலில் நின்று, "எத்தனை சரி?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட வா" என்று சொல்லுங்கள். அடுத்த பாடத்திற்கு அதுவே பெரிய உதவி.

அந்தப் பிள்ளையின் பெறுபேறு என்ன என்று கேட்பீர்கள். தமிழுக்கு 'பி' சித்தி. 'ஏ' கிடைக்கவில்லையே என்று அவளுக்கு மனக்குறை. எனக்கு வேறு ஒரு குறை. அந்த அறுந்து நின்ற பக்கங்கள் என்னுடைய வாய்ப்பாடம். இப்போது வகுப்பில் குறிப்புச் சொல்வதைக் குறைத்துவிட்டேன். வாக்குவாதம் கூடிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்கிறார். பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.